துய்த்தலும் துயரும்: லியர் மன்னனும் மயான காண்டமும்

நாடகத்தின் முடிவு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினா மிகப் பழையது. அதனைப் புதிதாக என் முன்னே வைத்தவன் ஒரு மாணவன். சில ஆண்டுகளுக்கு முன், கொக்குவிலில் மேல்வகுப்பு மாணவர்க்குச் சேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையைத் தமிழிலே சொல்லிக்கொண்டிருந்தேன். இறந்துபட்ட இளைய மகளைத் தன் கைகளில் ஏந்திக்கொண்டு முதிய மன்னன் அரங்கினுட் புகும் இடத்தை அடைந்தபொழுது, பின் வாங்கிலிருந்து அவன் எழுந்தான். “சேர், அரிச்சந்திரன்ரை பிள்ளை கடைசியிலை எழும்பினவன்தானே? இந்தப் பிள்ளை ஏன் எழும்பேல்லை?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்காக இந்நாடகத்தை இரவிரவாகப் படித்தவன் யான். உரைகளையும் குறிப்புக்களையும் மனனஞ் செய்தவன். ஆயினும், அம்மாணவன் கேட்ட வினாவைப் பரீட்சைத்தாளில் யாரும் கேட்டிலர்; யானும் என்னைக் கேட்டிலேன். அன்று அவனுக்குச் சொல்லாது விட்ட விடையே இக்கட்டுரை.

இத்தகைய வினாவிற்கு விடை காணப் புகுவோர் முதலில் நாடவேண்டிய தமிழ்நூல் சுவாமி விபுலாநந்தரின் ‘மதங்க சூளாமணி’ ஆகும். காரைதீவிலே தோன்றி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கி, பின்னர்த் துறவு பூண்ட அப்பெரியார் யாத்த இந்நூலை 1926ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என அது மூவியல்களாய் அமைந்தது. சிலப்பதிகார உரைகளிலே சிதறிக் கிடந்த நாடக இலக்கணங்களையும் வடமொழித் தசரூபகம் கூறும் விதிகளையும் அடிகள் ஒருங்கு திரட்டினார். சேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ எனத் தமிழ்ப் பெயரிட்டு வரவேற்று, அவருடைய நாடகங்கள் பன்னிரண்டனை எடுத்துக்காட்டாகக் கொண்டார். இஃது எத்துணைத் துணிவான செயல் என்பதை நாம் உணர்தல் வேண்டும். அக்காலத்திலே ஆங்கிலங் கற்றோர் சேக்ஸ்பியரை அளவுகோலாக்கி நம் நாடகங்களை அளந்து, ‘குறைவு’ எனக் கைவிட்டனர். அடிகளோ நம் அளவுகோலைக் கையிலெடுத்துச் சேக்ஸ்பியரை அளக்கப் புகுந்தார். அளப்பவன் என்னும் நிலையைத் தமிழனுக்கு மீட்டுத் தந்தமையே இந்நூலின் தலையாய பேறு என்பது என் துணிபு.

எனினும், அளவுகோல் நமது என்பதனாலேயே அஃது எல்லா இடத்தும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. அது பொருந்தும் எல்லையையும் பொருந்தாத எல்லையையும் ஆராய்தலே அடிகளின் வழிவந்தோர் கடன். அவ்வாராய்ச்சிக்கு லியர் மன்னன் நாடகத்தினும் ஏற்றது பிறிதில்லை.

அரங்கேற்று காதை உரையிலே அடியார்க்குநல்லார் நாடகத்தின் ஐவகைச் சந்திகளைக் கூறுவர். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன அவை. இவற்றை அவர் விளக்கும் முறை உழவர் குடியிற் பிறந்த எவர்க்கும் உவப்புத் தருவது. உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம், அது இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம், கருக்கொள்வது கருப்பம், கதிர் முற்றுவது விளைவு, அறுத்துச் சூடடித்துத் தூற்றி வீட்டிற்குக் கொண்டுசென்று உண்டு மகிழ்வது துய்த்தல். ஒரு நாடகத்தின் வளர்ச்சியை இதனினுந் தெளிவாக விளக்கிய உவமையை யான் வேறெங்குங் கண்டிலேன்.

இக்கோலை லியர் மன்னன் மீது வைத்துப் பார்ப்போம். முதுமையுற்ற மன்னன் நாட்டை மும்மகளிர்க்கும் பங்கிடப் புகுந்து, ‘என்னிடம் எவள் மிகுந்த அன்புடையாள்?’ என வினவுகின்றான். மூத்தவர் இருவரும் முகமன் மொழிகின்றனர். இளையவளாகிய கோர்டீலியா அன்பை விலைகூற மறுக்கின்றாள். அதனால் வெறுங்கையளாய்த் துரத்தப்படுகின்றாள். இங்கே வித்து விழுந்தது. நாடு பெற்ற மகளிர் தந்தையின் பரிவாரத்தை நூறு, ஐம்பது, இருபத்தைந்து எனக் குறைத்து, ஈற்றில் ஒருவன்தானும் எதற்கு என வினவும்போது நாற்று வளர்கின்றது. புயலிரவிலே வெட்டவெளியில் அலைந்து, கூரையற்ற ஏழைகளின் துயரை வாழ்நாளில் முதன்முறையாக மன்னன் உணரும்போது கரு முதிர்கின்றது. மகளும் தந்தையும் மீண்டும் கூடி, அவன் அவளிடம் மன்னிப்பு வேண்டும்போது கதிர் முற்றுகின்றது. நான்கு சந்திகளும் வழுவின்றிப் பொருந்தின. இனி எஞ்சியது துய்த்தல். உழவன் அரிவாளுடன் வயலுக்குச் செல்கின்றான். அங்கே விளைவு இல்லை. போரிலே தோற்றுச் சிறைப்பட்ட கோர்டீலியாவைத் தூக்கிலிடுமாறு மறைவாக ஆணை பிறந்துவிட்டது. தெய்வங்கள் அவளைக் காக்க என்று ஒருவன் வேண்டிய சொல் ஓயுமுன்பே, அவளுடலைச் சுமந்துகொண்டு மன்னன் வருகின்றான். வேண்டுதலுக்கு விடை அதுவே.

ஈண்டுச் சிலர், “மேல்நாட்டார் அவல முடிவை விரும்புவர்; நம்மவர் மங்கள முடிவையே விரும்புவர்; இஃது அவ்வவ் இனத்தாரின் இயல்பு” என்று கூறி அமைவர். மேடைகளிலும் பாடநூல்களிலும் நாம் பலகாலுங் கேட்ட கூற்று இது. எளிமையானது, ஆனால் உண்மைக்கு மாறானது. லியர் நாடகத்தின் வரலாறே அதனை மறுக்கின்றது.

சேக்ஸ்பியருக்கு முன்னரே இக்கதை ஆங்கில மேடையில் நாடகமாய் விளங்கிற்று. 1605ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட அப்பழைய நாடகத்தில் மன்னன் தன் அரசை மீளப் பெறுகின்றான், மகளும் உயிரோடிருக்கின்றாள். சேக்ஸ்பியரே அதனை மாற்றினார். அவருடைய நாடகம் 1606ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் இரவு முதலாம் ஜேம்ஸ் மன்னனின் அவையில் நடிக்கப்பட்டது. 1608இல் தனிநூலாகவும், 1623இல் அவருடைய நாடகங்களின் பெருந்தொகுப்பிலும் அச்சேறிற்று. பின்னர் 1642இல் ஆங்கிலப் பாராளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. 1660இல் இரண்டாம் சாள்ஸ் மன்னன் அரியணை மீண்டதன் பின்னரே அவை மீளத் திறந்தன. 1681இல் நேகம் டேற் என்னும் புலவர் லியர் நாடகத்தைத் திருத்தி அரங்கேற்றினார். அவருடைய நாடகத்திலே மன்னன் அரசு பெறுகின்றான். கோர்டீலியா உயிர்தப்பி, நற்குணமுடைய எட்கார் என்பானை மணக்கின்றாள். மன்னனுக்குக் கசப்பான உண்மைகளைச் சொல்லும் விகடன் நாடகத்தினின்றே நீக்கப்பட்டான். மன்னன் மீண்டு வந்ததைக் கண்ட ஒரு நாடு, மேடையிலும் மன்னன் மீள்வதையே காண விரும்பியது போலும்.

இத்திருத்தம் சிலநாட் கூத்தன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில மேடையில் ஆட்சி செய்தது. 1838இல் மக்ரெடி என்னும் நடிகரே விகடனையும் அவல முடிவையும் ஒருசேர மேடைக்கு மீட்டார். பேரறிஞர் சாமுவேல் ஜோன்சன் 1765இல் வெளியிட்ட தம் பதிப்பிலே, கோர்டீலியாவின் மரணம் தம்மை வருத்தியமையால், பதிப்பிக்கும் பணி வந்து நெருக்கும்வரை அவ்விறுதிக் காட்சிகளை மீண்டும் படிக்கத் தம் மனம் இடந்தரவில்லை என்னும் பொருள்பட எழுதினார். என் மாணவன் கேட்ட வினாவை ஆங்கில நாடே நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டது. கேட்டு, ‘பிள்ளை எழும்பத்தான் வேண்டும்’ என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டது. ஆகவே மங்கள முடிவை நாடுதல் ஓர் இனத்தின் இயல்பன்று. துயரைக் கண்டு அஞ்சும் மனித நெஞ்சின் இயல்பு.

பிரான்சு நாட்டை நோக்கினும் இதுவே தெளிவாகும். 1637இல் கோர்னேய் இயற்றிய ‘லெ சித்’ என்னும் நாடகம் மக்களாற் கொண்டாடப்பட்டது. விதிநூல் வல்லாராற் கண்டிக்கப்பட்டது. அளவுகோலுக்கும் அவைக்கும் இடையே எழுந்த பூசல் அங்கும் உண்டு. 1670இல் இரசீன் எழுதிய ‘பெரெனிஸ்’ என்னும் அவல நாடகத்திலோ ஒருவரும் மாண்டிலர். காதலர் பிரிகின்றனர், அவ்வளவே. குருதியும் மரணமும் அவலத்திற்கு இன்றியமையாதன அல்ல என்று அவர் தம் முன்னுரையில் வாதிட்டார். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவை ஒரே நிறமாகத் தீட்டிக் காட்டுவோர் இவற்றை எண்ணுதல் வேண்டும்.

இனி நம் மேடைக்கு வருவோம். யாழ்ப்பாணத்து இசை நாடகங்களுள் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ பெற்ற செல்வாக்கை வேறொன்றும் பெற்றிலது. காங்கேசன்துறை வசந்தகான சபையின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 – 1989) அவர்கள் அரிச்சந்திரனாய்த் தோன்றிய மேடைகள் எண்ணிலடங்கா. கோயில் வீதியில் விடியவிடிய அதனைக் கண்டவர் எங்கள் பெற்றோர். ஒலிநாடாவிற் கேட்டு வளர்ந்தவர் நாங்கள். லியர் நாடகத்தோடு அதனை ஒப்பிடுதல் பொருந்துமோ என ஐயுறுவார் இருக்கலாம். சேக்ஸ்பியரின் நாடகம் நடந்த குளோப் அரங்கு நடுவே கூரையற்றது; பகலொளியில் நடந்தது; வேலையாளும் வணிகனும் முற்றத்தில் நின்றே பார்த்தனர்; பெண்பாத்திரங்களைச் சிறுவரே ஏற்றனர்; புயலும் காடும் திரைச்சீலையால் அன்றிச் செய்யுளால் தோன்றின. நம் கிராமத்து மேடையிலும் பெண்வேடம் பூண்டவர் ஆடவரே. மயானத்தின் இருளைக் காட்டியது நடிகனின் குரலே. அச்சிட்ட நூலாக மட்டும் சேக்ஸ்பியரைக் கற்ற எமக்கு இவ்வுறவு நெடுங்காலம் புலப்படவில்லை.

கதையமைதியிலும் இரண்டும் நெருங்கிய சுற்றம். இங்கே தொல்காப்பியர் நமக்குக் கைகொடுக்கின்றார். அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கன் அடியாகப் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல். பிறரால் இகழப்படுதல் இளிவு. உரியோரையும் உரியவற்றையும் இழத்தல் இழவு. பண்டைநிலை கெடுதல் அசைவு. போகந் துய்க்கப்பெறாத பற்றுள்ளம் வறுமை என உரைகாரர் விரிப்பர். காசித் தெருவிலே மனைவியையும் மைந்தனையும் விலைகூறி விற்றவன் அரிச்சந்திரன்; பெற்ற மகளிராலேயே வாயில் அடைக்கப்பட்டவன் லியர். அவன் வீரவாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காத்தான். இவன் பித்தனாகிக் காட்டுப்பூக்களை முடியாகச் சூடினான். அவன் இறந்த மைந்தனுக்குத் தன் மனைவியிடமே சுடலைக்கூலி கேட்டான்; இவன் இறந்த மகளின் வாயருகே கண்ணாடி பிடித்து மூச்சைத் தேடினான். நால்வகை அழுகையும் இருவரிடத்தும் நிறைந்துள்ளன. ஐவகைச் சந்தியால் அளக்கும்போது இறுதியிலே பிரிந்த இரு நாடகங்களும், மெய்ப்பாட்டால் அளக்கும்போது ஒன்றாகின்றன. தொல்காப்பியர் அழுகையின் பிறப்பிடங்களைக் கூறினாரன்றி, அவ்வழுகை துடைக்கப்படல் வேண்டும் என்று விதித்தாரில்லை என்பது நோக்கத்தக்கது.

வேறுபாடு யாது? அரிச்சந்திரன் துயர் ஒரு சோதனை. வசிட்டரும் விசுவாமித்திரரும் இந்திரன் அவையிலே செய்த வாதத்தினின்றே கதை பிறக்கின்றது. அவையோர் அதனை அறிவர். மைந்தனைப் பாம்பு தீண்டும்போதும், மனைவியின் கழுத்துக்கு வாள் ஓங்கப்படும்போதும், மேலே பார்த்திருப்பார் உளர் என்னும் உறுதி அவையோரின் கண்ணீருக்கு அடியிலே பாறைபோற் கிடக்கின்றது. வாள் மாலையாகின்றது, லோகிதாசன் உறங்கி விழித்தவன்போல் எழுகின்றான். லியர் நாடகத்திலோ பாத்திரங்கள் தெய்வங்களை அழைத்த வண்ணமே உள்ளன, மறுமொழி இல்லை. ஆயினும் அங்கும் ஒரு ‘எழுகை’ உண்டு என்பதை யான் பிற்காலத்திலேயே உணர்ந்தேன். உயிர் பிரியும் தறுவாயில் மன்னன் மகளின் உதடுகளைச் சுட்டிப் பாருங்கள் என்கின்றான். அவள் உயிர்த்தாள் என்று நம்பி, அம்மகிழ்ச்சியிலேயே அவன் மாண்டான் எனப் பிராட்லி என்னும் திறனாய்வாளர் 1904இல் வெளியிட்ட நூலிற் கருதினார். இக்கருத்தை மறுப்போரும் உளர். எனக்கோ அது பொருந்தியே தோன்றுகின்றது. நம் மேடையில் பிள்ளை எல்லார் கண்ணுக்கும் எழுகின்றது. அம்மேடையில் தந்தையின் கண்ணுக்கு மட்டுமே எழுகின்றது. இரு நாடகங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு இவ்வளவே. இதனினும் பெரிய தொலைவும் இல்லை.

மீளாத இழப்பைத் தமிழ் மேடை அறியாதது என்று கூறவும் இயலாது. முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்து வழிவழியாக ஆடப்பட்டு வருவது. பிழையில்லாக் கோவலன் வெட்டுண்டு மாள்கின்றான். அரசன் தன் தவற்றை உணர்ந்தும் அவன் இவ்வுலகில் மீண்டிலன். மதுரை எரிந்ததன்றி மாண்டவன் எழுந்திலன். அத்துயரைத் தாங்கிக்கொள்ள நம் மக்கள் கண்டுபிடித்த வழி, கதையைத் திருத்துதல் அன்று. கண்ணகையைத் தெய்வமாக்கி வற்றாப்பளையிலே பொங்கலிடுதல். டேற் செய்த திருத்தத்தினும் இது மேலான வழி என்பேன். அவர் துயரை அழித்தார். நம்மவர் துயரைத் தொழுதனர்.

இனி நாட்டு வரலாற்றையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் தகும். இலண்டனில் லியர் நாடகம் அரசவையில் ஏறிய 1606ஆம் ஆண்டிலே நல்லூரில் எதிர்மன்னசிங்கன் அரசிருந்தான். பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1619இல், பறங்கியர் சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்தனர். அவன் கோவைக்கு, அதாவது மேல்கரையிலுள்ள கோவா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலைத் தண்டனை பெற்றான். அவனுக்கு அரியணை மீளவில்லை. அவனுடைய முடிவைத் திருத்தி எழுத எப்புலவனாலும் இயலாது. அண்மைக் காலத்திற்கு வருவோமாயின், 2009 வரை நீடித்த போரின் பின் இம்மண்ணில் எத்தனை தாய்மார் சந்திரமதியாய் நின்றனர் என்பதை நாம் அறிவோம். பாம்பு தீண்டிய பிள்ளையைத் தேடிச் சென்றவளுக்கு உடலாவது கிடைத்தது. அதுவும் கிடைக்காதார் உளர். அவர் முன்னிலையில் நின்று ‘எல்லாம் சோதனை, இறுதியில் மங்களம்’ என்று கூறும் துணிவு எனக்கில்லை.

அவ்வாறாயின் மயான காண்டம் பொய்யோ? அன்று. அது வாய்மைக்குக் கூறும் வாழ்த்து. உலகம் இப்படித்தான் இருக்கின்றது என்று அது சொல்லவில்லை. இப்படி இருந்தாலன்றி நீதி நிறையாது என்று சொல்கின்றது. லியர் நாடகமோ, நீதி நிறையாத இடத்தும் கோர்டீலியாவின் அன்பு பொய்யாகிவிடவில்லை என்று சொல்கின்றது. அவள் வென்றமையால் நல்லவள் அல்லள், தோற்றபோதும் நல்லவள். முன்னதை மட்டும் கற்பவன், நன்மைக்குப் பயன் கிட்டாதபோது நன்மையையே ஐயுறுவான். பின்னதை மட்டும் கற்பவன் நம்பிக்கையை இழந்து வறண்டுபோவான். நம் மாணவர்க்கு இரண்டும் வேண்டும். ஒன்றை உயர்ந்த இலக்கியம் என்று வகுப்பறையிலும், மற்றொன்றைப் பாமரர் கூத்து என்று வேலிக்கு வெளியிலும் வைத்தது நாம் செய்த பிழை.

விபுலாநந்த அடிகள் எடுத்துத் தந்த அளவுகோலை யாம் எறிந்துவிட வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் செய்தல் வேண்டும். துய்த்தல் என்னும் ஐந்தாஞ் சந்தியைத் தலைவனுக்கே உரியது எனக் கொள்ளாமல், அவையோர்க்கும் உரியது எனக் கொள்ளல் வேண்டும். சுவை நுகர்பவர் அவையோரே என்பது நம் முன்னோர் கொள்கை. மேடையில் உழுதவன் உண்ணாமலே மாண்டான். ஆயினும் அவன் விளைத்ததை உண்டு வீடு திரும்புபவர் நாம். புயலிரவிலே லியர் கற்ற இரக்கம் அவன் நாட்டு ஏழைக்குப் பயன்படவில்லை. நம் அயலில் உள்ள ஏழைக்குப் பயன்படுமாயின், விளைச்சல் வீண்போயிற்று என்று யார் சொல்லவல்லார்?

அம்மாணவன் இப்பொழுது கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டான். இவ்விதழ் அவன் கைக்குக் கிட்டுமாயின், அவனுக்கு யான் கூறும் விடை இது: தம்பி, அந்தப் பிள்ளை எழும்பவில்லை. எழும்பியிருந்தால் நீ அன்று எழும்பிக் கேட்டிருக்கமாட்டாய்.